காற்றுக்குழி

மான்டிவிடியோ,
பிப்ரவரி 9, 2019

எபெர்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் படித்ததும் தொலைபேசியை எடுக்காதே, எழுது. உன் குரல் காதில் விழுந்தால் நான் எதற்கும் சரி என்று சொல்லிவிடுவேன். நாம் பிரிந்த இந்த ஆறு வருடமும் அந்தப் பயத்தில்தான் உன் எண்ணை வைத்துக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை வழக்கம்போல உன் ஊர் பய்சாண்டுக்கு வரும் பேருந்தில் கொடுத்துவிடுகிறேன்.

ஒரு வேலை விஷயம். கம்பளி ஆலையில் வாங்கிக்கொண்டு வந்த மூட்டுவலி இப்போது விரல்களை மடக்க விடுவதில்லை. மருத்துவர் கஞ்சா எண்ணெய் தடவச் சொன்னார். முறைப்படி அரசிடம் பதிவு செய்து, நாம் இருந்த இதே வீட்டின் பின்னறையில் ஆறு செடி வளர்க்கிறேன். ஆளுயரக் கறுப்புத் துணிக் கூடாரம், உள்ளே விளக்கு. விலை கொடுத்து வாங்கிய முதல் குப்பி எண்ணெய் நன்றாகக் கேட்கிறது, இனியும் வாங்கக் கட்டாது என்றுதான் செடி. மாத்தே தேநீர்க் குவளையை இப்போது ஒரு கையால் தூக்குகிறேன், தெரியுமா?

ஆனால் செடி பூ விட்டதிலிருந்து வாசனை தாங்கவில்லை. அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடி, வாசல் கதவடியில் ஈரத்துண்டு திணித்திருக்கிறேன். இந்த வெயிலில் உள்ளேயே வேகிறேன். வாடகைக்கு இருப்பவள் நான். யாராவது புகார் கொடுத்தால் தெருவில்தான் நிற்க வேண்டும். ஊருக்கெல்லாம் காற்றுக் குழாய் போட்டவன் நீ, எனக்கும் ஒரு வழி சொல்.

நிபியா


பய்சாண்டு,
பிப்ரவரி 15

என் நிபியா,

உன் எழுத்து இப்படிக் கோணிப்போனதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. கவலைப்படாதே, இது எனக்குச் சின்ன வேலை.

கூடாரத்தின் மேல்துளையில் ஓர் இழுவிசிறி வை. அதில் குழாயை மாட்டி, மறுமுனையைக் குளியலறை ஜன்னல் வழியாகக் கட்டடத்தின் நடுவிலுள்ள காற்றுக்குழியில் விடு. நம் குழி புகைபோக்கி மாதிரி, விட்டதை எல்லாம் மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். வாசனையை உறிஞ்சும் கரி வடிகட்டி ஒன்றையும் வாங்கச் சொல்லி, விசிறி விற்கும் கடைக்காரன் நச்சரிப்பான். அது வீண் செலவு. அவனை வீட்டுக்குள்ளும் விடாதே. அங்கே யார் யார் வந்து போகிறார்கள்?

ஜன்னல்களை மூடியே வை. அதுதான் உனக்கு நல்லது.

என்றும் உன்,
எபெர்


மான்டிவிடியோ,
மார்ச் 11

எபெர்,

நீ சொன்னபடியே செய்தேன். விசிறி ஓடிய இரண்டாம் நாளே கட்டடம் முழுக்க மணக்கிறது. காற்றுக்குழியில்தானே எல்லாரும் துணி காயப்போடுகிறார்கள்! மூன்றாம் மாடி சுல்மா படியேறி வந்து கத்தினாள்: "ஏம்மா, நேத்து தேவாலயத்துல என் பக்கத்துல ஒருத்தரும் உக்காரலம்மா! பாதிரியாரே என்னை ஒரு மாதிரி மோந்து பாக்குறாரு! இந்த வயசுல எனக்கு இது தேவையா?"

சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. இருபத்தைந்தாம் தேதி கட்டடத்து வீட்டுக்காரர்களின் கூட்டம், என்னைப் பற்றித்தான். செடி போக வேண்டும், இல்லை நான் போக வேண்டும். செடி போனால் என் கைகளும் போய்விடும். விசிறியை நிறுத்திவிட்டேன். கூடாரத்துக்குள் இலைகள் புழுங்கி வாடுகின்றன, வெளியே நான். நீ சொன்னதில் நான் எதைத் தப்பாகச் செய்தேன்?

நிபியா


பய்சாண்டு,
மார்ச் 14

என் கண்ணே,

தப்பு உன்மேல் இல்லை, இது கடிதத்தில் தீரும் வேலை இல்லை. உன் விரல்களை வைத்துக்கொண்டு ஒரு திருகாணியையாவது திருக முடியுமா? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வருகிறேன். அரை நாளில் முடித்துவிடுவேன். அப்புறம் உன்னைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஆள் வேண்டாமா? இருந்துவிடுகிறேன். நடந்ததை எல்லாம் மறப்போம்.

சரி என்று எழுதக்கூட வேண்டாம். பழைய சாவி என்னிடம் இருக்கிறது.

உன் எபெர்


மான்டிவிடியோ,
மார்ச் 20, புதன்

எபெர்,

உன் கடிதம் வந்த அன்று அழுதேன். பிறகு எழுந்துபோய் அலமாரியில் உன் சட்டைகளுக்கு ஒரு தட்டைக் காலி செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. வேறு வழியே தெரியவில்லை எனக்கு.

மறுநாள் சுல்மா மறுபடி சண்டைக்கு வந்தாள். "குழி மேலே இழுத்துக்கொள்ளும் என்று எபெர் எழுதினாரே" என்றேன். கத்திக்கொண்டிருந்தவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

"எபெரா சொன்னாரு? அவருதானம்மா பதினோரு வருஷத்துக்கு முன்னாடி மொட்டை மாடியில ஏறி, குழி வாயில தகரம் போட்டு அடைச்சாரு! புறா வந்து விழுதுன்னு நாங்கதான் கேட்டோம். மூடி போட்ட சட்டியில ஆவி எங்கம்மா போகும்? இறைச்சி சுடுற கடையில இருபது வருஷம் அடுப்புப் புகையில நின்னவ நான், எனக்குத் தெரியாதா?"

எனக்குத்தான் தெரியவில்லை. மொட்டை மாடிக்கு என்னை எப்போது விட்டாய்? காற்று வாங்கப் போனால்கூட எவனைப் பார்க்கப் போகிறாய் என்பாய். அங்கே நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது, அதை நம்பித்தானே, கடைசியில் உன்னையே கூப்பிடுவேன் என்று, குழியில் விடச் சொன்னாய்?

ஞாயிற்றுக்கிழமை சுல்மா கரி வடிகட்டியோடு வந்தாள். ஏணியில் ஏறி, "புடிச்சுக்கோம்மா, நான் விழுந்தா உன் செடி மேலதான் விழுவேன்" என்று என்னை மிரட்டிக்கொண்டே கூடாரத்தின் உச்சியில் அதைத் தொங்கவிட்டாள். விசிறி இப்போது கரி வழியாகக் காற்றை இழுக்கிறது. குழாய் சமையலறை ஜன்னலில் போகிறது. வெளியே மூக்கை நீட்டிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. "கூட்டத்துல நான் பேசிக்கிறேன், நீ வாயத் தெறக்காத" என்று சொல்லிவிட்டுப் போனாள். தகரத்தையும் எடுக்கச் சொல்லப் போகிறாளாம்.

விசிறி ஓடும்போது கூடாரத்தின் துணி நான்கு பக்கமும் உள்ளே ஒட்டிக்கொள்கிறது. அப்படி இருந்தால்தான் எதுவும் வெளியே கசியாதாம். அதன்மேல் கை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். உன்னோடு இருந்த பதினெட்டு வருடமும் நான் அப்படித்தான் இருந்தேன், எபெர். எனக்கு உன்மேல் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது, மறுபடி அதற்கு எவ்வளவு பக்கத்தில் போய்விட்டேன் என்று.

ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை வராதே. நேற்று பூட்டை மாற்றிவிட்டேன்.

நிபியா