மாவலூர்க் காவல் வேங்கைக்குச் செய்த வைத்தியம்

வெண்குன்ற நாட்டு வேந்தர் நெடுங்கோவின் திருவாணை தாங்கி, தலைமை அமைச்சன் ஓரியூர்க் கீரன் விடுக்கும் ஓலை. மாவலூர்க் கோட்டைத் தலைவர் செங்கணார் காண்க. உமது மதில் உறுதி பெறுக. உமது முற்றம் நிழல் குன்றாதிருக்க.

திருவிழாவுக்குத் தலைநகரிலிருந்து வந்த கார்முகில் என்னும் யானை, முற்றத்துக் காவல் வேங்கை மரத்தைக் கொம்பால் குத்திக் கிழித்ததென்றும், காயத்தில் சுண்ணாம்பு பூசிக் கயிற்றால் இறுகக் கட்டி வைத்தியம் செய்தும் மரம் வாடுகிறதென்றும், அதைக் காக்கத் தவறிய மரக்காவலாள் கொற்றி என்பவளைச் சிறையிட்டதாகவும், மரத்தை வெட்ட ஒப்புதல் வேண்டுமென்றும் எழுதியிருந்தீர். மும்முறை படித்தோம், மும்முறையும் மனம் ஒப்பவில்லை. பட்டுப்போன காவல் மரத்தை வெட்ட மட்டுமே வேந்தர் ஒப்புவார் என்னும் வழக்கத்தை நீர் அறிவீர். உமது புதிய மாளிகைச் சுவர் அம்மரத்தடியில் வந்து முட்டி நிற்பதை நாமும் அறிவோம்.

ஆகவே நம் தூதர் சிறைக்குச் சென்று கொற்றியைக் கண்டார். உம் ஏவலரின் கோடாரி மூன்று முறை விழுந்தபின் மரத்தைத் தான் கட்டிக்கொண்டதாகவும், அதனாலேயே நான்காம் வெட்டு விழவில்லை என்றும் அவள் உரைத்தாள். தன் விடுதலையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டாளில்லை. பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும், கிழிந்த பட்டையின் ஓரத்தைக் கூரிய கத்தியால் நல்ல பட்டை வரை சீராக்கிக் காயத்தைக் காற்றாட விட வேண்டும், கயிற்றை அவிழ்க்க வேண்டும், நீரை அடிமரத்தில் கொட்டாமல் கிளை நிழல் விழும் விளிம்பு வரை மண் நனைய ஊற்ற வேண்டும், இலை பச்சையாயுள்ள ஒரு கிளையையும் தொடலாகாது என்றே சொல்லியனுப்பினாள். நீர் வைத்தியம் என்று எழுதியவை அத்தனையும் மரத்தைக் கொல்லும் வழியாகவே எமக்குத் தோன்றுகின்றன.

இன்றே கொற்றியை விடுவித்து மரத்தை அவளிடம் ஒப்படைப்பீராக. மாளிகை வேலை நிற்கட்டும். காயத்தின் விளிம்பில் புதுப்பட்டை திரளும் வரை அவள் கேட்கும் நீரை நீரே சுமந்து ஊற்றுவீராக. மரம் பட்டால் கோட்டை உம் கையில் இராது. இது வேந்தர் ஆணை. வேங்கைப்பூ முத்திரை இட்டோம்.

திருவிழா நாள் முழுதும் நீர் வேட்டைக்காட்டில் இருந்தமையால் கார்முகிலைக் கண்டிருக்க மாட்டீர். இவ்வோலை அதன் முதுகில்தான் வருகிறது. மறுமொழி எழுதுமுன் அதன் முகத்தை நன்றாகப் பாரும். அது பிறவியிலேயே கொம்பில்லாத யானை.