உமாதேவியின் ஆடுகள்

நாகலாபுரம்
22.1.2024

இமயமலை மேற்கொண்டு சரியாமல் முட்டுக்கொடுக்கப் போயிருக்கும் என் அக்கா மகள் உமாதேவிக்கு, கரிசல் சீமைச் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய செண்பகராஜ் எழுதுவது.

நேபாளத்தில் பூமி ஆடிய அன்று இங்கே என் கட்டில் ஒரு காலைத் தூக்கி நின்றது. உன் அம்மாதான் நம்ப மாட்டேன் என்கிறாள். நிவாரண முகாமில் மூன்று மாத நர்ஸ் வேலை என்றுதானே போனாய்? அங்கேயே வேர் விட்டுவிடாதே. உன் சடங்குக்கு நான் சீராக விட்ட இரண்டு பெட்டை ஆட்டுக்குட்டிகள் பெருகிப் பெருகி, இப்போது ராத்திரி வயலில் கிடை போட்டால் கோவில்பட்டி வரைக்கும் புழுக்கை விழுகிறது. எல்லாம் உன் கல்யாணத்துக்கு. லீவுக்கு வந்தால் என்னோடு கிடைக்காவலுக்கு வந்து, ஆட்டுக்கெல்லாம் பெயர் வைத்து, விடிந்ததும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவாயே, அதை நினைத்துக்கொண்டேதான் மேய்க்கிறேன். சீக்கிரம் வா.

செண்பகராஜ் மகாராஜா

நேபாளம்
8.2.2024

அன்புள்ள மாமா,

இங்கே விழுந்த செல்போன் டவர் இன்னும் எழவில்லை, அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துக் கூடாரத்துக்குள் தனியாகச் சிரித்தேன்.

முகாமில் இருப்பவர்களின் காயங்கள் ஆறிவிட்டன. இப்போது பிழைப்புதான் கவலை. பக்கத்துக் கூடாரத்து ஃபூல்மாயா அக்காவின் ஆடுகள் தொழுவத்தோடு புதைந்துவிட்டன. இருந்தும் காலையில் கம்பை எடுத்துக்கொண்டு மலையேறி, சாயங்காலம் வெறுமனே இறங்கி வருகிறார். சுற்றிலும் எல்லோருக்கும் இதே கதிதான்.

மாமா, என் ஆடுகளை விற்றுப் பணம் அனுப்புங்கள். இவர்களுக்கு இங்கேயே குட்டிகள் வாங்கலாம். கல்யாணம் அப்புறம் ஆகட்டும். வீடுகள் எழும்பும்வரை நான் வரவில்லை. கோபப்படாதீர்கள்.

உங்கள் உமா

நாகலாபுரம்
3.3.2024

மருமகளே உமா,

உன் கடிதம் வந்ததும் மூன்று நாள் பட்டினி கிடந்தேன் என்று எழுத ஆசை. உன் அம்மா சாட்சி சொல்ல மறுக்கிறாள். அன்று எட்டு தோசையாம். ஆடுகளிடம் சம்மதம் கேட்டேன். கூட்டம் கூட்டி, மாமனை விற்கலாம் என்று தீர்மானம் போட்டுவிட்டன.

நேற்று குளத்தூர் வியாபாரி முனீஸ்வரன் வந்து ஓட்டிப் போனார். பணத்தை உன் முகாமுக்கு அனுப்பியாயிற்று. ஓடை வரைக்கும் நானும் பின்னாலேயே போனேன், இது கலெக்டருக்கே வணக்கம் வைக்காத ஆடு, இது மழையை முதல் நாளே சொல்லும் என்று அளந்துகொண்டே. என் குரல் கேட்கக் கேட்க ஒவ்வொன்றும் திரும்பித் திரும்பி நின்றது. முனீஸ்வரன் கும்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க பேசுத வரைக்கும் ஒண்ணும் நகராது. செத்த நேரம் வாய மூடுங்க."

மூடினேன். அதன் பிறகு ஒன்றுகூடத் திரும்பவில்லை.

குட்டிகள் வந்த நாளிலிருந்தே ஃபூல்மாயாவை அவற்றோடு பேசச் சொல்.

மாமன்
செண்பகராஜ்