முதல் சந்தனம்

அக்கா,

மாமா வைத்துவிட்டுப் போன தாம்பூலத் தட்டு கூடத்திலேயே இருக்கிறது. கிண்ணத்துச் சந்தனம் இன்னும் காயவில்லை. சன்னலையெல்லாம் திறந்துவிட்டும் வாசனை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்கு வளைகாப்பு. "அவ இருந்திருந்தா அவ செஞ்சிருப்பா. மொதல் சந்தனம் நீதாம்மா பூசணும்" என்று சொல்லிவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். நான் உள்ளே போய்க் கண்ணாடி முன் நின்று, வாயைத் திறந்து தொண்டையைப் பார்த்தேன்.

சிரிக்காதே. இப்போது என் பிழைப்பு இதுதான். பாகூர் பஸ்ஸில் யாராவது இருமினால் நடுவழியில் இறங்கி, நம்ம ஊர் செலியமேட்டுக்கு நடந்தே வருகிறேன். கல்யாண வீடுகளில் வாசலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். ஊரில் எனக்கு 'சானிடைசர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் பேத்திக்கு நாலு வயது முடிந்துவிட்டது. அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்ததில்லை, அக்கா.

நீ இருந்தபோது ஒரே டம்ளரில் டீ குடித்தவர்கள் நாம். கொய்யாப்பழத்தைக் கடித்துவிட்டு மிச்சத்தை என் கையில் திணிப்பாய். நான் முகம் சுளித்தால், "ஏண்டி, நான் கடிச்சா இன்னா, விஷமா?" என்பாய்.

கொரோனா இரண்டாவது முறை வந்த அந்தச் சித்திரையில் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டார்கள். நர்சம்மா வீடு வீடாக வந்து கூப்பிட்டார். நீ நல்ல புடவை கட்டிக்கொண்டு, ஆதார் கார்டும் கையுமாக என் வாசலில் நின்றாய்.

"வாடி, ரெண்டு பேரும் போயி குத்திக்கினு வந்துரலாம்."

நான்தான் தடுத்தேன். ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும் என்று பேச்சு. மூன்றாம் நாள் என் மகளுக்கு வளைகாப்பு. "முடியட்டும்க்கா. நீ படுத்துக்கினா மொதல் சந்தனம் யாரு பூசறது?" என்றேன். "அதுவும் சரிதான்" என்று உட்கார்ந்து, எந்தெந்தச் சாதம் கிளறலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டாய். பின்னால் நான் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டேன். ஒரு நாள்கூடக் காய்ச்சல் வரவில்லை.

ஊசியைத் தள்ளிப்போட்டது ஊருக்கே தெரியும். யாருக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. வளைகாப்புக்கு முந்தின நாளே எனக்குத் தொண்டை கரகரத்தது. விடிந்தபோது உடம்பு கொதித்தது. மாத்திரை ஒன்றைப் போட்டு, கபசுரக் குடிநீரையும் குடித்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வளைகாப்பு நின்றுபோகும். நாள் குறித்த சடங்கு நின்றால் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்தேன். எதற்குப் பயப்படவேண்டும் என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பத்துப் பதினைந்து பேர்தான் வந்தார்கள். என் மகளின் கன்னங்களில் நீ சந்தனம் பூசி, வளையல் போட்டாய். பிறகு, வந்திருந்த பெண்களுக்கெல்லாம் நான் பூசிக்கொண்டே வந்தேன். உன் முறை வந்ததும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக் கன்னத்தைக் காட்டினாய்.

"இன்னாடி, சுண்ணாம்பு அடிக்கிறவ மாதிரி தூர நின்னு கைய நீட்டற? கிட்ட வா."

வந்தேன். என் மாஸ்க்கும் தாடையில்தான் கிடந்தது.

என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் நாலு நாளில் சரியாகிவிட்டது. உனக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல், ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸில் ஏறும்போது கையை ஆட்டினாய். நான் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். உன்னை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை, நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழுகிற நாங்கள் அவரவர் வாசலிலேயே நின்று அழுதோம். உன் மகளைத் தொட ஆளில்லை. "ரேஷன் கடை வரிசையில ஒட்டிக்கினு வந்திருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். 

மாமா போனதும் பொறுக்க முடியாமல் உன் மகளுக்குப் போன் போட்டேன். காய்ச்சல், மாத்திரை, தலையாட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன்.  

"தெரியும் சித்தி" என்றாள். "நீ அடுப்பாங்கரையில மாத்திர போட்டத அம்மா பாத்துச்சாம். வெளிய தெரிஞ்சா வளகாப்பு நின்னுடும், வாய மூடிக்கினு இருடின்னு என்னை அதட்டிச்சு. நீ ஞாயித்துக்கெழம வருவல்ல?"

அக்கா, உனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்தேன். நீ தெரிந்தே கன்னத்தைக் காட்டியிருக்கிறாய். இதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. உன்மேல் முதன்முறையாகக் கோபமும் வருகிறது. அத்தனை வாய் பேசுகிறவள், 'தள்ளி நில்லுடி' என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

"வரேண்டி" என்றேன்.  நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்வேன். ஒன்றுமில்லை என்று சொன்னாலும் மாஸ்க்கை இறக்க மாட்டேன். உன் மகளும் உன்னைப் போலவே கன்னத்தைக் காட்டிக் 'கிட்ட வா சித்தி' என்பாள். நீயும் நானும் சொல்லாமல் விட்ட அந்த வார்த்தையை அவளிடம் சொல்லிவிட்டு, கையை எட்ட நீட்டிப் பூசுவேன்.