சிரட்டையில் வைத்த உப்பு

தவமலர்,

நீ பிள்ளையோடு கிணற்றடிக்குப் போயிருக்கிறாய். உப்பளத்து லொறி வந்து நிற்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

குசினிக்குப் பின்னால் போய்ப் பார். சுளகு அளவில் யானைத் தடம், எங்கள் யன்னல் வரை வந்திருக்கிறது. யன்னலில் ஒரு சிரட்டை இருந்தது, நக்கித் துடைத்த மாதிரி.

அபியைக் கேட்டேன். "கூட்டாளிக்கு உப்பு வச்சனான் அப்பா. எங்களிட்ட உப்புத்தானே இருக்கு" என்றாள். முன்பள்ளியில் கொடுத்த படப்புத்தகத்தில் ஒரு பிள்ளை யானைக்கு வாழைப்பழம் வைக்கிறதே, அதைப் பார்த்துத்தான். நான் எழுத்துக்கூட்டி முழுதாக வாசித்த முதல் புத்தகம் அது. ஒரு கிழமையாக அவளுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். அவளை அடிக்காதே.

நேற்று நீ யானைக்குப் பயந்து, கண்டக்குழிக்கு, அக்கா வீட்டுக்குப் போவோம் என்றபோது ஏசினேன். நீ சொன்னதுதான் சரி. பத்து மணி பஸ்ஸில் பிள்ளையோடு போ. யானை தேடி வராமல் வீட்டிலிருந்த உப்புச் சாக்கை லொறியில் ஏற்றிவிட்டேன். பாண் அலுமாரிக்குள் இருக்கிறது, வழியில் சாப்பிட எடு.

செல்வராசா

புத்தகத்தைக் கிழிக்காதே, அவளோடு இருக்கட்டும். யானை இனி வராது என்று சொல்லிப் பார்த்தேன். "கடைசிப் பக்கத்தில திரும்பி வாறதுதானே. நீங்கதானே வாசிச்சனீங்கள்" என்கிறாள்.

பஸ் வரும்வரை கதவில் அவளுக்கு எட்டாத மேல் கொண்டியையும் போட்டு வை. அந்தப் பெரிய தடத்துக்குள்ளே அவளுடைய சின்னக் காலடி இருக்கிறது. நாங்கள் எழும்ப முன்னமே வெளியே போயிருக்கிறாள்.