டோர்ச் பிடித்தவள்

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை என் கணினி இயங்க மறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினேன். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. என் கை தானாகவே நீங்கள் சொல்லித் தந்த வரிசையில் போயிற்று. முதலில் சுவரில் பிளக். அடுத்தது திரைக்குப் போகும் வயர். அதற்குப் பிறகுதான் ஸ்குரூ டிரைவர். பக்கத்து மூடியைக் கழற்றியதும் சூடேறிய தூசியின் மணம் வந்தது. அந்த மணத்தோடு நீங்களும் வந்து, கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் கூப்பிடவில்லை.

போன மாதம் கனடாவிலிருந்து உங்கள் தங்கை தொலைபேசியில் பேசினார். "அக்கா போயிட்டா ரீச்சர்" என்றார். "அப்படியா" என்றேன். அழுகை வரவில்லை. அழுவதற்கு முன் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

கண்டியில் ஒரே பள்ளிக்கூடத்தில் நீங்கள் கணிதம், நான் விஞ்ஞானம். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நான் ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு லயத்தில் பிறந்தவள். நீங்கள் என்னை ரீச்சர் என்பீர்கள், நான் உங்களை டீச்சர் என்பேன். ஆசிரியர் அறையில் அதையே ஒரு பாட்டுப் போல இழுத்துக் கேலி செய்வார்கள். இருவரும் சேர்ந்துதான் அந்தப் பழைய கம்பியூட்டரை வாங்கினோம். அது கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டு முன்னறையில் இருந்தது. தமிழர் கையில் பெரிய பெட்டி எதைக் கண்டாலும் குண்டோ என்று உங்களுக்கு அறை வாடகைக்குத் தந்தவர் பயந்த காலம் அது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க அப்போது அங்கே ஆளில்லை. சனிக்கிழமைகளில் நான் பஸ் ஏறிப் போய் வகுப்பு நடத்துவேன். சாதாரண தரப் பொதுச் சோதனைக்கான பாடங்களை எளிய தமிழில் நான் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்தீர்கள். இரண்டு வருட உழைப்பு. ஒளி, வெப்பம், அமிலம், காரம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. நான் வகுப்புக்குப் போகும் நாட்களிலும் நீங்கள் வந்து வேலை செய்யட்டும் என்று வீட்டுச் சாவி ஒன்றைக் கையில் தந்திருந்தேன்.

நகரில் குண்டு வெடித்த பிறகு பொலிஸ்காரர்கள் தமிழ் வீடுகளில் புகுந்து தேடத் தொடங்கினார்கள். அப்படி ஒரு சனிக்கிழமை நான் வகுப்பு முடிந்து வந்து பொத்தானை அழுத்தினால், திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு ஆங்கில வரி. பாடங்களைச் சேமித்து வைத்திருந்த டிஸ்க் இல்லை என்றது. ஓடி வந்து உங்களைக் கூட்டிப் போனேன்.

"கேபிள் இளகினாலும் அப்பிடித்தான் காட்டும். பதறாதேங்கோ ரீச்சர். டோர்ச்சைப் பிடியுங்கோ" என்றீர்கள்.

பிடித்தேன். அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாலையில் பிடித்தேன். நீங்கள் தூசியை ஊதினீர்கள். வயர்களைக் கழற்றி மாட்டினீர்கள். மெமரி அட்டையை எடுத்து, என் மேசையிலிருந்த பென்சில் அழிறப்பரால் அதன் பித்தளைப் பற்களைத் தேய்த்தீர்கள்.

"ஒவ்வொண்டாப் பாக்கோணும். அவசரப்பட்டா பிழை எங்கை எண்டு பிடிபடாது."

"எல்லாம் போயிருந்தா என்ன டீச்சர் செய்றது? சோதனைக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கு?"

"போகாது. நான் இருக்கிறன்தானே?"

உள்ளே எது எது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் காட்டிய இடத்தில் வெளிச்சம் அடித்தேன். கம்பியூட்டர் தன் பிழையைத் தானே எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதை நம்பவில்லை. உங்களை நம்பினேன்.

அந்த மூன்றாம் மாலையில்தான் பொலிஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் அலுமாரியைத் திறந்தார், புத்தகங்களை உதறினார், பிறகு கம்பியூட்டரின் முன்னால் வந்து நின்றார். அவரே பொத்தானை அழுத்தினார். அதே வரி.

"கெடிலாத?" என்று கேட்டார். பழுதா என்று.

ஆமாம் என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்துப் பிள்ளைகள், பாடங்கள், வரப்போகும் சோதனை. சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன். அந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அழாதீங்க டீச்சர், என் மகளும் இந்த முறை சோதனை எழுதுறா" என்று சிங்களத்தில் ஆறுதல் சொன்னார். நீங்கள் குசினிக்குப் போய் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தீர்கள். அவர் குடித்ததும் எல்லாரும் போய்விட்டார்கள்.

அடுத்த நாள், "டிஸ்க் செத்துப்போச்சு ரீச்சர், விடுங்கோ" என்றீர்கள். எனக்கு விட மனம் வரவில்லை. பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி, முச்சக்கர வண்டியில் வைத்து, பிலிமத்தலாவையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், டிஸ்க்கக் கொண்டுவந்தாத்தானே பாக்கலாம்? இதுல அது இல்லியே."

"பழுதாப் போச்சா?"

"பழுதாப் போக அது இருக்கணுமே! ஆரோ கழட்டி எடுத்திருக்காங்க. நல்லாத் தெரிஞ்ச ஆள்தான், ஸ்குரூவெல்லாம் திருப்பிப் பூட்டியிருக்காங்க."

வகுப்பில் நானும் இப்படி ஒரு விளையாட்டு செய்வதுண்டு. மின்சுற்றுப் பாடத்தில், பெட்டிக்குள்ளிருக்கும் மின்கலத்தை எடுத்து மறைத்துவிட்டு, மின்குமிழ் ஏன் எரியவில்லை என்று பிள்ளைகளைத் தேடச் சொல்வேன். அவர்கள் குமிழை மாற்றுவார்கள், வயரை முறுக்குவார்கள். சில நிமிடங்களில் கையை விரித்து மின்கலத்தைக் காட்டுவேன், வகுப்பே சிரிக்கும். நீங்கள் கையை விரிக்கவே இல்லை.

கடையிலிருந்து நேராக உங்கள் அறைக்கு வந்தேன். நீங்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள்.

"டிஸ்க் எங்க டீச்சர்?"

என் முகத்தைப் பார்த்தீர்கள். பேனையை மூடி வைத்தீர்கள். "ஆத்துக்கை போட்டுட்டன்."

"எந்த ஆத்துல?"

கண்டியில் இருப்பதே ஒரே ஒரு ஆறுதான்! வேறென்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"மகாவலியிலைதான். பாலத்திலை நிண்டு எறிஞ்சனான். நல்ல மழை, ஒருத்தரும் பாக்கேல்லை."

பிறகு சொன்னீர்கள். விடுதிகளிலிருந்து பொலிஸ் பிடித்துக்கொண்டு போன தமிழ்ப் பொடியன்களின் தாய்மார் உங்களைத் தேடி வந்ததை. எந்தப் பிள்ளையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, சனிக்கிழமைகளில் என் வீட்டில் இருந்து மனுக்கள் தட்டச்சு செய்ததை. அந்தப் பெயர்களெல்லாம் டிஸ்க்கில் இருந்ததை, அது பொலிஸின் கையில் சிக்கினால் அந்தத் தாய்மாரும் நாமும் தப்ப மாட்டோம் என்று பயந்ததை.

"நல்ல காரியம்தானே டீச்சர். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்கட பிரச்சினைக்குள்ளை உங்களை ஏன் இழுப்பான் எண்டுதான்."

எங்கட. என்னைச் சேர்க்காத அந்த ஒரு சொல்லோடு நான் உங்கள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். தமிழருக்கெதிரான கலவரத்தில் எங்கள் லயத்துக்குத் தீ வைத்தவர்கள், நாங்கள் யாழ்ப்பாணமா தோட்டமா என்று விசாரிக்கவில்லை. அப்பா எங்களைத் தேயிலைச் செடிகளுக்கிடையில் குனிய வைத்து ஓட்டிச் சென்ற கதையை உங்களிடம்தான் முதன்முதலில் சொன்னேன். அதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டவர் நீங்கள்.

"சரி, எறிஞ்சிட்டீங்க. அதுக்கப்புறம் எதுக்கு அந்தக் கூத்து? ஊதுனீங்க, தேய்ச்சீங்க, என்ன டோர்ச் பிடிக்க வச்சீங்க!"

"உங்களுக்குப் பொய் சொல்ல வராது ரீச்சர். தெரிஞ்சிருந்தா உங்கட முகமே காட்டிக் குடுத்திருக்கும். தெரியாதபடியாத்தான் அவன் நம்பினவன்."

"அப்ப நான் அழுததும் உங்க கணக்குல இருந்திச்சா?"

பேனையைத் திரும்ப எடுத்தீர்கள், ஆனால் திருத்தவில்லை.

கணக்கு சரியாகத்தான் வந்தது. இருவரும் தப்பினோம். பிடிபட்ட அந்தப் பொடியன்களின் பெயர்களும் தப்பின. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் முதல் சாட்சியாக வந்து உங்களுக்காகப் பேசுவேன். ஆனாலும் டீச்சர், பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக் கொடுத்தே காலம் கழித்தவளை, அவளுக்கே தெரியாமல் ஒரு பொய்யாக்கி பொலிஸ்காரரின் முன்னால் நிறுத்தினீர்கள். அதற்கு என் கண்ணீரே போதும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தீர்கள். அவ்வளவு நன்றாக என்னைத் தெரிந்தவர் நீங்கள். அவ்வளவு தெரிந்தும் என்னை நம்பவில்லை.

சோதனைக்கு முன் நினைவிலிருந்த பாடங்களைக் கையால் எழுதிப் படியெடுத்துக் கொடுத்தேன். பாதிதான் எழுத முடிந்தது. "மிச்சப் பாடம் எங்க டீச்சர்?" என்று கேட்ட பிள்ளைக்கு, கம்பியூட்டர் பழுதாகிவிட்டது என்றேன். இந்தமுறை தெரிந்தே சொன்ன பொய். அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த வருடம் நீங்கள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போனீர்கள். புறப்படும் முன் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். வெளியே வந்து, "போய்ட்டு வாங்க" என்றேன். "வாறன்" என்றீர்கள். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

இன்று காலை மெமரி அட்டையைக் கழற்றி, அழிறப்பரால் தேய்த்து மாட்டினேன். கணினி இயங்கியது. நீங்கள் சொல்லித் தந்த எதுவும் பொய்யில்லை. என்னை ஏமாற்றிய அந்த மூன்று மாலைகளைத் தவிர. பிழையைப் பொறுமையாகத் தேடும் பழக்கம் உங்களிடமிருந்து வந்ததுதான். அதே பொறுமையோடு இத்தனை வருடமும் அந்தச் சனிக்கிழமையைத் தேடிப் பார்த்திருக்கிறேன். பாடங்கள் போனதை எப்போதோ மன்னித்துவிட்டேன். பொய்யைக்கூட, போர்க்காலம் என்று ஒதுக்கி வைத்துவிட முடிகிறது. நீங்கள் அந்த மழையில் தனியாகப் போனதைத்தான் என்னால் ஒதுக்க முடியவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பேன் டீச்சர். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பேன், நீங்கள் அதட்டியிருப்பீர்கள். ஆனாலும் ஒரே குடைக்குள் பாலத்தின் நடுவரைக்கும் வந்திருப்பேன். என் இரண்டு வருடத்தையும் உங்கள் பொடியன்களின் பெயர்களையும் சேர்த்து நீங்கள் எறியும்போது, யாராவது வருகிறார்களா என்று நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

"வாறீங்களோ ரீச்சர்" என்று நீங்கள் ஏன் கேட்கவே இல்லை?