மாசேர் சொன்ன வெளிச்சம்

மாசேர்,

இன்று காலை என் பெரியவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அறையைக் கழுவிவிட்ட கார்பாலிக் சோப்பின் காரம் கூடத்துக்கு வந்ததும், நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று ஒரு கணம் வாசலைப் பார்த்தேன். உங்களை அடக்கம் செய்து ஒரு தவக்காலம் கடந்துவிட்டது. இருந்தும் பார்த்தேன்.

பிரெஞ்சுக்காரர் கன்னியர் மடத்தில், நாங்கள் மாசேர் என்று கூப்பிடும் கன்னியர்களில், நீங்கள் ஒருவர்தான் ஸ்பெயின் தேசத்தவர். ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் மருந்துப் பெட்டியோடு வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் வருவீர்கள். எங்கள் பெண்களிடமே தமிழ் பழகியதால், அந்த வெள்ளைக்கார முகத்திலிருந்து "இன்னாடி, வலி எங்க?" என்று வரும். பாதி வலி அதிலேயே போய்விடும்.

பெரியவள் பிறந்த அன்று, அவளைத் துடைத்துக்கொண்டே உங்கள் பாஷையில் ஒரு சொல் சொன்னீர்கள். அலும்ப்ரார். எழுத்துக் கூட்டிக் கூட்டித் தானாகப் படிக்கக் கற்றவள் நான்; புதுச் சொல் காதில் விழுந்தால் விடமாட்டேன். அர்த்தம் கேட்டேன். மாடத்து விளக்கை எடுத்து உயர்த்திக் காட்டினீர்கள். வெளிச்சம் காட்டுவது.

"நான் எங்க மாசேர் காட்னேன்? வெளக்கு புடிச்சது எங்க அத்தை."

"எங்க ஊர்ல புள்ள பெத்தா அப்டித்தான் சொல்லுவாங்க. நீ காட்னே, அது வந்துச்சு."

என் மாமியார் விளக்கை வாங்கி வைத்துவிட்டு, "இடுப்பு ஒடிய வெளக்கு புடிச்சது நானு, பேரு இவளுக்கா?" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்த பேற்றில் யாரும் சிரிக்கவில்லை. பையன் அழவேயில்லை. ஞானஸ்நானம் கொடுக்க உயிர் இல்லை என்று நீங்கள் தலையசைத்ததும், அத்தை அவனைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார். "பாக்காதே, மனசுல ஒட்டிக்கும்" என்றார். என் வீட்டுக்காரர் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்துவிட்டு, அப்படியே வயலுக்குப் போனார். எண்ணெயும் அரிசியும் ஒரு பலம் பிசகாமல் எழுதிவைக்கிற நான், அந்தப் பிள்ளையைப் பெற்றேனா இல்லையா என்றே தெரியாமல் கிடந்தேன்.

பிள்ளை பெற்றவள் நாள் கழிந்ததும் எரிகிற மெழுகுவர்த்தியோடு கோயில் வாசலில் முழங்காலிட வேண்டும். சாமியார் ஆசீர்வதித்து உள்ளே அழைத்துப் போவார். அதுவரை பூசைக்குப் போகும் வழக்கமில்லை. நாள் கழிந்தும் நான் போகவில்லை.

"வெறுங்கையோட போயி இன்னா சொல்லப்போறே? ஊரு சிரிக்கும்டி" என்றார் அத்தை.

அந்த வாரம் நீங்கள் வந்தீர்கள். என் நாடியைப் பிடித்தபடி நீங்கள் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "மாசேர், அந்தச் சொல்லு எனக்குச் சேருமா? அவன் கண்ணே தொறக்கலியே."

உங்கள் பாஷையில் எதையோ தேடுவதுபோல் உதடு அசைந்தது.

"பாக்குறது அவன் வேலை. காட்டுறது உன் வேலை. பகல் பூரா காட்னே. நான் கூட இருந்தேன்ல?"

பிறகு அத்தையிடம் திரும்பினீர்கள். "சாமியாரக் கேட்டுட்டேன். வரச் சொன்னாரு. மெழுவத்தி எங்க வச்சிருக்கே?"

அதுநாள்வரை அந்தச் சொல்லை ஒரு விளக்காகவே மனதில் வைத்திருந்தேன். அது பிள்ளை பெறுகிறவள் படுகிற பாட்டுக்கு வைத்த பெயர் என்று அன்றுதான் விளங்கியது.

கோயில் வாசலில் ஆடிக்காற்று. சுடர் சாயச் சாய, உங்கள் உள்ளங்கையைக் காற்றுக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டே என் பக்கத்தில் நின்றீர்கள். சாமியார் தம் கழுத்தில் தொங்கிய பூசைப் பட்டையின் முனையை என் கையில் தந்தார். அதைப் பற்றிக்கொண்டு படியேறினேன். கிணற்றடியில் நின்றவர்கள் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் வண்டியில் திரும்பி வரும் வழியில், வீட்டில் யாரிடமும் கேட்க முடியாததை உங்களிடம் கேட்டேன். "யாரு சாடை மாசேர்?"

வண்டியை நிறுத்தச் சொன்னீர்கள். "நெத்தி உன் புருஷன். முடி நெறைய. எடது காது உன்னாட்டம், மேல மடிஞ்சிருந்துச்சு." கொஞ்சம் தயங்கினீர்கள். "மூக்கு உங்க அத்தைது. பாவம்."

சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் உடைந்து, அன்றுதான் அவனுக்காக வாய்விட்டு அழுதேன். அழுது முடியும்வரை வண்டிக்காரரை நீங்கள் கிளப்பவிடவில்லை.

அத்தை போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அவன் அப்பா துணியை விலக்கிப் பார்க்கவே இல்லையாம். பின்னொரு நாள் சொன்னார். இப்போது நீங்களும் இல்லை. அந்த முகத்தைக் கண்ணால் பார்த்தவர் பூமியில் எவருமில்லை. காதால் கேட்டவள் நான் ஒருத்தி இருக்கிறேன். அவனுக்கென்று எந்தச் செபம் உண்டு என்று எனக்குத் தெரியாது. அதனால் தினமும் சாயங்காலம் முக்காடு போட்டு உட்கார்ந்ததும், நெற்றி, முடி, இடது காது, மூக்கு என்று ஒன்றுவிடாமல் ஆண்டவரிடம் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் செபமாலையின் முதல் மணியைத் தொடுகிறேன்.