அருளின் இல்லறப் பக்கம்

மார்ச் 9, திங்கள்

காலையிலேயே வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. வாங்க வேண்டியவை: துடைப்பம், சொட்டு நீலம், சிவப்புப் பேனா.

எங்கள் சர்ச் ஃபாதர் நடத்தும் குடும்ப மாத இதழுக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. பிழை திருத்த வேண்டும். கோயிலுக்கே அதிகம் போகாதவளுக்கு இந்த வேலை. எம்.ஏ. தமிழ் படித்த பாவம்.

முதலில் 'இல்லறப் பக்கம்'. எழுதுவது அருள், திண்டிவனத்தில் இருக்கும் என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர். அவர் சொல்வார், அவள் எழுதுவாள். கடைசியில் வரும் சமையல் குறிப்பு மட்டும் அவளுடையது. இந்த மாதத் தலைப்பு: வீட்டில் மென்மையான சொல். இரண்டு தாள் அவளுடைய உருண்டைக் கையெழுத்து. மூன்றாவது அவர் கிறுக்கல். சமையல் குறிப்பு இல்லை.

ஃபோன் செய்தேன்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்க்கா. ஒண்ணுமில்ல."

பின்னால் அருள்: "யாரு, அக்காவா? இல்லறப் பக்கம் மேட்டர் வந்துச்சான்னு கேளு."

மார்ச் 10, செவ்வாய்

கல்லூரிக்கு அரைநாள் விடுப்பு. திண்டிவனம்.

ஸ்டெல்லாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அருள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டம்மா காபியோடு வந்தார். "பாத்ரூமு ஹால்லயாம்மா இருக்குது? சத்தம் எங்க ஊடு வரைக்கும் கேட்டுச்சே." ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள்.

அந்தம்மா போனதும், "மொத தடவ இல்லக்கா."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். பழைய இதழ் ஒன்றை இடக்கையால் எடுத்துப் போட்டாள்.

"அவரு சொல்றப்ப திட்டுற மாதிரிதான் இருக்கும். அச்சுல வந்தா நெசமாட்டம் இருக்கும். நீயே ஒத்துக்கினு திருத்தி அனுப்பற, அப்ப தப்பு எம்மேலதான்னு நெனச்சுக்கினேன்."

அந்த இதழுக்கு அருள் எழுதியது: பொம்பளை எதிர்த்துப் பேசினால் வீடு உருப்படாது. நான் மாற்றியது: மனைவி மௌனம் பழகினால் வீடு ஜெபம் பழகும்.

அன்று அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"என்னோட வந்துடு."

"யோசிக்கிறேன்க்கா."

மார்ச் 11, புதன்

தலைவலி. ஃபாதரிடம் ஃபோனில் சொன்னேன்: இந்தப் பக்கத்தைத் திருத்த மாட்டேன். காரணமும் சொன்னேன்.

"அடப்பாவமே. குடும்ப விஷயம் மேடம், ரெண்டு பேரையும் கூப்ட்டுப் பேசிக்கலாம். பக்கத்த மட்டும் இன்னிக்கி அனுப்பிடுங்க. பிரஸ்ல வெயிட் பண்ணிக்கினு இருக்காங்க."

"குடும்ப இதழ்தானே ஃபாதர்?"

ஃபோனை வைத்துவிட்டேன்.

அருவருப்பு. அருள் மேல், ஃபாதர் மேல். பாதிக்கு மேல் என் மேல். எழுத்துப்பிழை மட்டும்தானே பார்க்கிறேன் என்று எத்தனை மாதம் சொல்லிக்கொண்டேன்.

தாள்களை அனுப்பவில்லை, கிழிக்கவுமில்லை. பீரோவில். எந்த வரியோடு அவள் கையெழுத்து நின்று அவர் கிறுக்கல் தொடங்கியது என்பது அதில் இருக்கிறது. யாராவது கேட்டால் காட்ட.

மார்ச் 12, வியாழன்

மேகமூட்டம். புழுக்கம். துடைப்பம் இன்னும் வாங்கவில்லை. அருளிடமிருந்து ஐந்து மிஸ்டு கால். எடுக்கவில்லை.

பத்தரைக்கு ஸ்டெல்லாவின் ஃபோன். பஸ் இரைச்சல்.

"விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டிட்டேன்க்கா. உங்க ஊரு பஸ் ஸ்டாண்டுக்கு ஜல்தியா வா. பை ரெண்டு இருக்குது, கை ஒண்ணுதான்."